வேடந்தாங்கலில் ஒரு சுள்ளி

மதுராந்தகத்திற்கு அருகே உள்ள வேடந்தாங்கலுக்கு, மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் போய்ச் சேர்ந்தோம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிற்றேரிதான். ஆயினும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் அடுக்கடுக்காய்க் கூடு கட்டியிருந்த காட்சியை என்னென்பது! பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. ஆதலின் ஊரார் தலைமுறை தலைமுறையாக இப்பறவைகளைக் காத்து வருகிறார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இவ்வேரி இடம் பெற்றது.

மறுநாள் நண்பர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எடுத்த படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாய்க் காட்டினோம். சிலவற்றில் நாரையின் வெண்மை மிகுந்து இறகின் வரிகள் மறைந்திருந்தன. ஒளியைக் குறைத்ததும் இரண்டொன்று தெளிந்தன. மற்றவற்றில் வரிகள் பதிவாகவே இல்லை. இல்லாததை எந்தத் திருத்தம் மீட்கும்? பறக்கும் பறவையின் அலகுக்கு முன் வெளியே இல்லாதபடி ஒரு படத்தை நறுக்கியிருந்தோம். நண்பர் சொற்படி நறுக்கிய பகுதியைத் திரும்பச் சேர்த்தோம்.

இறுதியில் ஒரு படத்தைப் பெருமையுடன் காட்டினோம். நாரையின் அலகுக்குக் குறுக்கே கிடந்த சுள்ளியை அதில் சுவடின்றி அழித்திருந்தோம். நண்பர் மூலப்படத்தையும் கேட்டு வாங்கி உற்று நோக்கினார்.

"ஐயா, இது மரத்துச் சுள்ளியன்று; பறவை கவ்வி வந்த சுள்ளி. வீடு கட்ட வந்ததை வெறுமனே நிற்க வைத்துவிட்டீர்களே!" என்றார்.

பிறர் விடைத்தாளில் இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மை தீட்டிய நமக்கு அன்று முகம் சிவந்தது. சுள்ளியை அதன் அலகிலேயே திருப்பி வைத்தோம். அந்தப் படந்தான் இப்போது நம் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.