மீனுக்கும் கட்டுச்சோறு!

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற அப்பாவுக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் கிடையாது. பெட்டியைத் தூக்க வேண்டும். 'இந்தப் பொடி என்ன?' என்று கஸ்டம்ஸ் அதிகாரி கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்த்து முழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் போனது ஆரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்ற ஊருக்கு. மகளுக்கு ஏழாம் மாசம். வாசலில் வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்த என் மனைவி, "என்னடி இது, வயிறு முன்னால வருது, நீ எங்கே?" என்றாள்.

உண்மைதான். காலையில் குமட்டல், மத்தியானம் மீட்டிங், ராத்திரி அசதி. எப்போது கேட்டாலும் "பசிக்கலைம்மா." எடை இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். உளுந்தங்களி, கீரை, கஞ்சி என்று என் மனைவி படையெடுத்துப் பார்த்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள் மகள். நான் என்ன செய்ய முடியும்? மிச்சத்தைச் சாப்பிட்டேன். எனக்கு எடை ஏறியது.

ஒரு சனிக்கிழமை, "கடலைப் பார்த்துட்டு வரலாம் மாமா" என்று மாப்பிள்ளை காரில் ஏற்றினார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடினால் நியூபோர்ட். பசிபிக் கடலோரம். ஆரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் ஹாட்ஃபீல்ட் கடல் ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. பொதுஜனங்களுக்காக மீன் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். கண்ணாடித் தொட்டியில் மீனைப் பார்த்தால் மற்றவர்களுக்கு இயற்கை அழகு ஞாபகம் வரும். எனக்குப் புளி ஞாபகம் வரும். கறுப்பாக, முள் துடுப்பை விரித்துக்கொண்டு, நம்ம ஊர் களவாவுக்குச் சித்தப்பா மகன் போல ஒன்று நின்றது. 'குழம்பு வைக்கலாமா, வறுக்கலாமா' என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, தலை நரைத்த ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து விளக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்.

அதன் பெயர் கறுப்பு ராக்ஃபிஷ். ஐம்பது வயது வரைகூட வாழும். பெண் மீன் தாயாகவே ஆறேழு வருஷம் ஆகும். மற்ற மீன்களைப் போல முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற ரகம் இல்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, பொரிந்த பிறகு குஞ்சுகளாகத்தான் வெளியே விடும். ஒரு பிரசவத்தில் லட்சக்கணக்கில்!

"ஐயோ, இத்தனைக்கும் யாருங்க லேகியம் கிண்டுறது?" என்றாள் என் மனைவி.

குஞ்சு ஒவ்வொன்றும் ஓர் அரிசியைவிடச் சின்னது. அதன் உடம்புக்குள் ஒரு துளி எண்ணெய் இருக்கிறது. அது அம்மா கொடுத்தனுப்புவது. பரந்த கடலில் முதல் இரை கிடைக்கும் வரைக்கும் அந்தத் துளிதான் அதற்குச் சோறு. பயணம் போகிற பிள்ளைக்கு நம் அம்மாக்கள் வாழையிலையில் கட்டிக் கொடுப்பார்களே, அதே கட்டுச்சோறுதான்!

ஆனால் எல்லா அம்மாவாலும் ஒரே அளவு கட்டிக் கொடுக்க முடிவதில்லை. ஸ்டீவன் பெர்க்லி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இந்த மீனை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். இளம் தாய்க்குத் தன் உடம்பு வளரவே சாப்பாடு சரியாகிவிடுகிறது. வயசான தாய்க்கு அந்தக் கவலை இல்லை. அவளால் பிள்ளைக்கு அதிகம் எடுத்து வைக்க முடிகிறது. அவளுடைய குஞ்சுக்கு எண்ணெய்த் துளி பெரிசு. இரை கொடுத்தால் இளம் தாயின் குஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக வளர்ந்தது. பட்டினி போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் தாக்குப் பிடித்தது. கடலில் இரை இன்றைக்குக் கிடைக்கலாம், நாலு நாள் கழித்தும் கிடைக்கலாம். அந்த நாலு நாளைத் தாண்ட வைப்பது தாயின் உடம்பில் இருந்த கொழுப்பு.

சில மீன் இனங்களில், தாய் மெலிந்துபோன வருஷம் அந்தப் பருவத்துப் பிரசவத்தையே தள்ளிப் போட்டுவிடுவதும் உண்டாம்.

நாம் வலை வீசுவதும், தூண்டில் போடுவதும் பெரிய மீனுக்குத்தான். வாழ்நாள் முழுக்க மீன்காரம்மாவிடம் 'பெரிசாப் பாத்துப் போடும்மா' என்று சொன்னவன் நான். பெரிசுகள் போய்விட்டால் கடலில் மிஞ்சுவது இளந்தாய்கள். குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறைவு, கட்டுச்சோறும் குறைவு. நியூபோர்ட்டுக்கு வடக்கே ஆட்டர் ராக் என்ற இடத்தில் 2012 முதல் மீன் பிடிக்கவே கூடாது என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அப்படி விட்டால்தான் மீன் கிழவியாக முடியும். நம்ம கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளும் மார்க்கெட்டில் நின்று அரசாங்கத்தைத் திட்டியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் நான் பேசவில்லை. "என்னங்க, மீனைத் தொட்டியோட கேட்டுப் பாக்கலியேன்னு வருத்தமா?" என்று சீண்டினாள் மனைவி.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்திருந்தது.

அம்மாவுக்குப் பதினாறு வயசில் கல்யாணம். பெரிய குடும்பம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள். குழம்பில் நடுத்துண்டு ஆம்பிளைகளுக்கு. சினை இருந்தால் தாத்தாவுக்கு. அம்மாவுக்கு வால். முதல் குழந்தை பெண். பதினோரு நாள் இருந்தது. அடுத்தது பையன், ஒரு மாசம். 'ராசியில்லாதவ' என்று ஊர் சொன்னது, வீடும் சொன்னது. கல்யாண வீடுகளில் அம்மா எப்போதும் பின்வரிசையில்தான் நிற்பாள். ஏன் என்று சின்ன வயசில் எனக்குத் தெரியாது.

பல வருஷம் கழித்து, அப்பாவுக்குச் சம்பளம் கூடி, வீட்டுக்கு ஓர் எருமை வந்தது. அதற்குப் பிறகு நான் பிறந்தேன். "நீ எப்படிம்மா என்னைக் காப்பாத்தின?" என்று ஒரு தடவை கேட்டேன். சாமியைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ வயித்துல இருக்கும்போது வீட்டுல எருமை கறந்துச்சுல்லா" என்றாள்.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை.

மனுஷி வேறு, மீன் வேறு. வயசு ஏறினால் பிரசவத்துக்கு நல்லது என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள், டாக்டர்கள் அடிக்க வருவார்கள்! அந்தக் காலத்தில் பிள்ளை தங்காமல் போக ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் ராசி அதில் ஒன்று இல்லை. இதை நான் அவள் இருக்கும்போதே, நாலு பேர் முன்னால், சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

காரில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது யாரும் எதுவும் பேசவில்லை.

"ஆச்சியையா அப்படிச் சொன்னாங்க?" என்றாள் மகள், கொஞ்சம் கழித்து.

"ஆமாம்மா."

பின் சீட்டில் தயிர்சாத டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மூடிவிடுவாளோ என்று பயம்.

அன்றைக்கு ராத்திரி அடுப்படிக்குள் நானே நுழைந்தேன். முதல் தட்டு மகளுக்கு. இரண்டாவது தட்டில் சாதம் போட்டு, நெய் விட்டு, சூடாக ரசம் ஊற்றி என் மனைவியின் முன்னால் வைத்து, "உக்காரு, நீ முதல்ல சாப்பிடு" என்றேன். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் இது முதல் தடவை.

தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மகளிடம் திரும்பி, கவலையாகக் கேட்டாள்:

"ஏண்டி, இந்த ஊர்ல ராத்திரி நேரத்துல டாக்டர் இருப்பாங்களா? உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு!"