ஜூலை 23-ம் ரெண்டு திருநெல்வேலியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து வாசிங்க.

"வரலாற்றில் இன்று" பார்வர்டு எல்லார் வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயும் காலைல வந்து விழும். ஜூலை 23-க்கு அதுல என்ன இருக்கும்னு எனக்கு இப்போ மனப்பாடம். 1856, பால கங்காதர திலகர் பிறந்த நாள். 1906, சந்திரசேகர ஆசாத் பிறந்த நாள். 1927, பம்பாயில் வானொலி நிலையம் தொடங்கின நாள். கடைசியா நடிகர் சூர்யாவுக்கு ஹேப்பி பர்த்டே, கூடவே ஒரு கேக் படம்.

எல்லாம் சரியான தகவல்தான். ஆனா திருநெல்வேலி டவுண்ல பிறந்து வளர்ந்து, அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற எனக்கு, அந்த லிஸ்ட்ல விட்டுப்போனதுதான் முதல்ல கண்ணுல படுது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஒரே தேதியில பல சம்பவம் நடந்துச்சுன்னா அதுல மாயம் மந்திரம் எதுவும் இல்ல. ஒரு ரூம்ல 23 பேர் இருந்தா, அதுல யாராவது ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல. கணக்கு போட்டுப் பாருங்க, வரும். இருக்கிறதே 365 தேதி. உலகத்துல நடந்ததெல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும். அதனால யாரும் எண்கணித ஜோசியர்கிட்ட ஓட வேண்டாம்.

நம்ம ஊர் ஜனங்களுக்குத் தேதியே பெருசா தேவைப்படாது. ஓபி-யில "பையனுக்கு என்ன வயசும்மா?"ன்னு கேட்டா, "வெள்ளம் வந்த வருசம் கைக்குழந்தை டாக்டரய்யா"ம்பாங்க. எந்த வெள்ளம்னு நாமதான் கேட்டுக்கணும். 1992-ம் இருக்கு, 2023-ம் இருக்கு.

எனக்குத் தேதி முக்கியமானது வேற ஒரு காரணத்தால. வேலையில அடிக்கடி நிரப்புற ஒரு படிவம் இருக்கு. இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுதிக் கொடுக்கிற சான்றிதழ். அதுல தேதிக்கு ஒரு இடம்தான், ஆனா காரணத்துக்கு ஒரு வரி கிடையாது. முதல் வரியில உடனடிக் காரணம். அதுக்குக் கீழ, அந்த முதல் காரணம் எதனால வந்துச்சு. அதுக்கும் கீழ, இதெல்லாம் எங்க ஆரம்பிச்சது. "மாரடைப்பு"ன்னு முதல் வரியோட நிறுத்தினா, இருபது வருசம் கவனிக்காம விட்ட சர்க்கரை நோய் கணக்குல வராமலே போயிடும். ஹவுஸ் சர்ஜன் பசங்ககிட்ட நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்: "கீழ் வரியை எழுதுலே, மேல் வரி தானா வரும்."

ஜூலை 23-ல நடந்ததையெல்லாம் அந்தப் படிவத்தை வச்சுத்தான் பார்க்கிறேன்.

முதல்ல 1925. அன்னைக்கு இன்றைய தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா இறந்தார். வயசு 40. பிறந்தது வத்தலக்குண்டுன்னாலும் அவர் கதை நம்ம ஆத்தங்கரையைத் தொடாம போகாது. 1908 மார்ச்ல வ.உ.சி.யோட சேர்ந்து தூத்துக்குடியிலயும் திருநெல்வேலியிலயும் கூட்டம் கூட்டமாப் பேசினவர். மார்ச் 12-ம் தேதி ரெண்டு பேரையும் கைது பண்ணினாங்க. மறுநாள் திருநெல்வேலியே கொதிச்சுது. அரசாங்கக் கட்டடங்கள் எரிஞ்சுது. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க. சிவாவுக்குக் கிடைச்சது 10 வருச தண்டனை. அப்பீல்ல அது 6 வருசமாச்சு. 1912-ல வெளிய வரும்போது உடம்புல தொழுநோய்.

இங்க ஒரு டாக்டரா கொஞ்சம் குறுக்கிடறேன். ஜெயில்ல ஆட்டு ரோமத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க, அதனாலதான் அவருக்குத் தொழுநோய் வந்துச்சுன்னு பல பேர் எழுதுறாங்க. ரோமத்தால தொழுநோய் வராது. அது ஒரு பாக்டீரியா. 1873-ல நார்வேக்காரர் ஹேன்சன் கண்டுபிடிச்சது. சிகிச்சை எடுக்காத நோயாளியோட ரொம்ப நாள் நெருங்கிப் பழகினா, மூச்சுக்காத்து வழியாப் பரவும். உள்ள போனதுக்கப்புறம் வெளிய தெரிய சராசரியா 5 வருசம், சிலருக்கு 20 வருசம் கூட ஆகும். அதனால எந்த அறையில, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நெருக்கியடிச்ச சிறை, அரைவயித்துச் சோறு, முறிஞ்சுபோன உடம்பு, இந்த மூணும் நோய்க்கு வழி விட்டிருக்கும்ங்கிறதை மட்டும் எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. தொழுநோயாளின்னு சொல்லி அவரை ரயில்ல ஏற விடல. மனுசன் நடந்தார். கட்டை வண்டியில போனார். புண்ணான காலோட ஊர் ஊராப் போய்ப் பேசினார். "ஞானபாநு"ன்னு பத்திரிகை நடத்தினார், பாரதியார் அதுல எழுதினார். 1921-ல மறுபடியும் ஜெயில். பாப்பாரப்பட்டியில பாரத மாதாவுக்குக் கோயில் கட்டணும்னு ஆசைப்பட்டார். 1923-ல சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்கிறதைப் பார்க்க சிவா இல்ல.

இன்னைக்கு அதே நோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில 6 மாசமோ 12 மாசமோ இலவச மாத்திரை. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவுற தன்மை போயிடும். ஆனா தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம்ங்கிற சட்டப் பிரிவை எடுக்க நமக்கு 2019 வரைக்கும் ஆச்சு. (உடம்புல வெளிறின தேமல் இருந்து, அந்த இடத்துல தொட்டா உணர்ச்சி இல்லேன்னா, கூச்சப்படாம வந்து காட்டுங்க. இதை எந்த த்ரெட் எழுதினாலும் சொல்லிடுவேன்.)

அடுத்தது 1983. அன்னைக்கு சனிக்கிழமை. ராத்திரி, திருநெல்வேலி.

நம்ம திருநெல்வேலி இல்ல. யாழ்ப்பாணத்துல ஒரு திருநெல்வேலி இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது அங்கதான். பேச்சுல அவங்களும் "தின்னவேலி"ன்னுதான் சொல்லுவாங்க. முகாம்ல இருந்து வந்த ஒரு வயசான அம்மா, ஓபி சீட்டுல ஊர்ப் பேரைப் பார்த்துட்டு, "டொக்டர், நான் பிறந்ததும் தின்னவேலிதான்"னாங்க. நர்ஸம்மா "டவுணா, ஜங்ஷனாம்மா?"ன்னு கேட்டாங்க. அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, அப்படி ஒரு சிரிப்பு.

அந்தத் திருநெல்வேலியில அந்த ராத்திரி ரோந்து வந்த ராணுவ வண்டிகளை விடுதலைப் புலிகள் தாக்கினாங்க. 13 சிப்பாய்கள் செத்தாங்க. உடல்களை மொத்தமாக் கொழும்புக்குக் கொண்டு போய், பொரளை கனத்தை மயானத்துல அடக்கம் பண்ண ஏற்பாடு பண்ணினாங்க. 24-ம் தேதி அங்க கூடின கூட்டத்துல இருந்து கிளம்பின வெறிதான் கறுப்பு ஜூலை. வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரிச்சாங்க. வெலிக்கடைச் சிறையில ரெண்டு நாள்ல 53 தமிழ்க் கைதிகளைக் கொன்னாங்க. மொத்த சாவு அரசாங்கக் கணக்குல சில நூறு. மத்த மதிப்பீடுகள் 3,000 வரைக்கும் போகுது.

இதை "13 சிப்பாய் செத்தாங்க, அதனால கலவரம் வந்துச்சு"ன்னு ஒரே வரியில முடிக்கிறவங்க உண்டு. அது படிவத்தோட முதல் வரி. கீழ் வரிகள்ல 1956-ன் சிங்களம் மட்டும் சட்டம் இருக்கு, 1958 இருக்கு, 1977 இருக்கு, 1981-ல எரிஞ்ச யாழ் நூலகம் இருக்கு. அந்த 13 பேரும் எங்கேயோ ஒரு கிராமத்துல ஒரு அம்மாவுக்குப் பிள்ளைங்கதான். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

2012-ம் உண்டு. கேப்டன் லட்சுமி சாகல் கான்பூர்ல இறந்த நாள். 97 வயசு. நேதாஜி படையில ஜான்சி ராணி ரெஜிமெண்டை நடத்தினவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். 1938-ல சென்னை மருத்துவக் கல்லூரியில எம்.பி.பி.எஸ். முடிச்ச டாக்டர்ங்கிறதைப் பல பேர் மறந்துடறாங்க. எங்களுக்கு அவங்க சீனியர்! சிங்கப்பூர் போய் ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தாங்க. அந்தப் பெண்கள் படையில சேர்ந்தவங்கள்ல பல பேர் மலேயா ரப்பர் தோட்டங்கள்ல பால் வெட்டின தமிழ்ப் பொண்ணுங்க. 1984-ல போபால் விஷவாயுவுக்கு ஓடினாங்க. தொண்ணூறு வயசு தாண்டியும் கான்பூர்ல ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தாங்க. இறந்தப்புறம் உடம்பை அங்க இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துட்டாங்க.

தோட்டத் தொழிலாளின்னு சொன்னதும் இனி தள்ளிப்போட முடியாது. 1999.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் மூணாங்கிளாஸ். டவுண்ல இருந்து கொக்கிரகுளம் ஆத்துப் பாலம் கூப்பிடு தூரம்னு சொல்ல முடியாது, ஆனா சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரம். அப்பா வேலை முடிஞ்சு எங்கெல்லாமோ சுத்தி ராத்திரிதான் வீட்டுக்கு வந்தாங்க. ஆச்சி வாசக்கதவைச் சாத்திட்டு, "ஆத்துப் பக்கம் ஒருத்தரும் போவப்பிடாது"ன்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. ஏன்னு எனக்குப் புரிய ரொம்ப வருசம் ஆச்சு.

மாஞ்சோலை மேல இருக்கு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929-ல பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனி 99 வருசக் குத்தகைக்கு எடுத்து, காட்டை வெட்டித் தேயிலை போட்டுச்சு. வேலைக்குப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க தாழ்த்தப்பட்ட மக்கள். தலைமுறை தலைமுறையாக் கம்பெனி லைன் வீட்டுலதான் வாழ்க்கை. 1999-ல அவங்க கேட்டது நாள் கூலி 150 ரூபாய். போராடினதுல 600 பேருக்கு மேல கைதானாங்க. அவங்களை விடணும், கூலிக்கு வழி சொல்லணும்னு கலெக்டர்கிட்ட மனு கொடுக்க ஜூலை 23 அன்னைக்கு ஊர்வலம். புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி, அவரோட தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிகள்னு வேற கட்சிக்காரங்களும் வந்திருந்தாங்க.

கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது ஆத்தங்கரையில. வெளியூர்க்காரங்களுக்கு இதைச் சொன்னாத்தான் மிச்சம் புரியும். ரோட்டுல போலீஸ், ரோட்டுக்குப் பக்கத்துல தாமிரபரணி. தடியடி ஆரம்பிச்சதும் கூட்டத்துக்கு ஓட இருந்த வழி ஆறுதான். 17 பேர் செத்தாங்க. அதுல ரெண்டு பெண்கள், ஒரு சின்னக் குழந்தை.

நீதிபதி மோகன் தலைமையில விசாரணை ஆணையம் போட்டாங்க. இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தண்ணியில மூழ்கித்தான் இறந்தாங்கன்னு அறிக்கை சொல்லுச்சு. போலீஸ் நடவடிக்கையில அது பெருசா தப்புக் காணல. தொழிலாளர் தரப்பும் மனித உரிமை அமைப்புகளும் அதை ஏத்துக்கல. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த "நதியின் மரணம்" ஆவணப்படம் அந்த நாளைப் பத்தினதுதான். தைரியம் இருக்கிறவங்க பாருங்க.

அறிக்கைக்கு மேல நான் தீர்ப்பு சொல்ல வரல. போஸ்ட்மார்ட்டம் என்ன சொல்லும், என்ன சொல்லாதுங்கிறதை மட்டும் சொல்றேன். மூக்குலயும் வாயிலயும் நுரை, ஊதிப்போன நுரையீரல், உள்ள தண்ணி. இதெல்லாம் இருந்தா, உயிரோட இருக்கும்போதே தண்ணிக்குள்ள போனார்னு சொல்லலாம். உடம்புல காயம் இருந்தா அது சாவுக்கு முன்னயா பின்னயான்னு சொல்லலாம். அவர் ஏன் தண்ணிக்குள்ள இறங்கினார்ங்கிறதை எந்த நுரையீரலும் சொல்லாது. தேயிலை பறிக்கிற ஒரு அம்மா, இடுப்புல பிள்ளையோட, நடுப்பகல்ல, ஆசைப்பட்டு ஆத்துல இறங்கல. "நீரில் மூழ்கி மரணம்"ங்கிறது சத்தியமான முதல் வரி. ரெண்டாவது வரியில தடியடி. மூணாவது வரியில 150 ரூபாய் கூலி. அதுக்கும் கீழ எழுத 1929-ல இருந்து இருக்கு.

இன்னொண்ணு. மணிமுத்தாறு உற்பத்தியாகிறது அந்த மாஞ்சோலை மலைப் பக்கம்தான். கீழ இறங்கி தாமிரபரணியில கலக்குது. அவங்க வீட்டுப் பக்கத்து ஓடைத் தண்ணி அவங்களுக்கு முன்னாடியே கொக்கிரகுளத்துக்கு வந்து சேர்ந்திருந்துச்சு.

இப்பவும் ஒவ்வொரு ஜூலை 23-க்கும் ஆத்துப் பாலத்துக்கிட்ட போலீஸ் நிறுத்துவாங்க. கட்சிக்காரங்க வரிசையா வந்து ஆத்துல மலர் தூவுவாங்க. ஆடிக் காத்து ஒரு பக்கம் தள்ளும், பூவெல்லாம் கரைக்கே திரும்பி வரும். அன்னைக்கு அந்தப் பக்கம் போற ஸ்கூல் பசங்களுக்கு, இன்னைக்கு ஏன் இவ்வளவு போலீஸ்னு எத்தனை வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு தெரியல.

குத்தகை 2028-ல முடியுது. அதுக்கு முன்னாடியே 2024-ல கம்பெனி விருப்ப ஓய்வுன்னு சொல்லி ஆட்களைக் கீழ இறக்க ஆரம்பிச்சிருச்சு. நாலு தலைமுறையா மேல இருந்தவங்களுக்குக் கீழ சொந்தம்னு ஒரு சென்ட் இடம் கிடையாது. மலைக் குளிர்லயே வாழ்ந்த உடம்பு, இங்க சித்திரை வெயில்ல மயங்கி விழுந்து ஓபி-க்கு வருது. "எங்கம்மா இருக்கீங்க இப்போ?"ன்னு கேட்டா ஒரு தெரு பேரு சொல்லுவாங்க. "சொந்த ஊரு?"ன்னா, கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஊத்துய்யா, அஞ்சாம் நம்பர் லைனு"ம்பாங்க. அதைத்தான் சீட்டுல எழுதுறேன்.