கறுத்த காசா, வெளுத்த காசா?



வெள்ளிக் காசு பளபளன்னு இருந்தால் உசத்தி, கறுத்துக் கிடந்தால் மட்டம் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். காசு சேகரிப்பவர்கள் பார்ப்பது பளபளப்பை அல்ல, தேய்மானத்தை.

எங்க அப்பாயியிடம் ஐந்து வெள்ளி ரூபாய் இருந்தது. விக்டோரியா ராணி மூன்று, ஐந்தாம் ஜார்ஜ் ராஜா இரண்டு. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓடு மாற்றணும், ரெண்டை விற்கலாம் என்று பேச்சு. வந்த வியாபாரி, "எல்லாம் எடைக்குத்தான் ஆத்தா" என்றார். புதிதாக அடித்தபோது ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் எடை ஒன்றாக இருந்தால் நிலையும் ஒன்றா? "அந்தக் கறுத்துப் போனதக் குடுத்துருவோம்" என்று அப்பாயி சொல்லுச்சு. நான் ரெண்டு நாள் டைம் கேட்டு லென்ஸை எடுத்தேன்.

காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். கோயில் சிலைகளில் கை படுகிற மூக்கும் முழங்காலும் வழவழன்னு ஆகுமே, அதே கதைதான். ராணிக்குக் கன்னம், காதுக்கு மேல் முடி, சட்டைப் பூவேலை. ராஜாவுக்குக் கிரீடக் கற்கள், காது, மார்பில் உள்ள யானை. அமெரிக்காவில் 1878-இல் வந்த மார்கன் வெள்ளி டாலருக்குக் காதோர முடியும், பின்பக்கக் கழுகின் நெஞ்சும். அங்கே 1 முதல் 70 வரை மார்க்கே போடுகிறார்கள்! 1949-இல் ஷெல்டன் என்பவர் செப்புக் காசுகளுக்காகச் செய்த அளவு அது. 60-க்கு மேல் என்றால் கைமாறிப் புழங்காத காசு. 35 வாங்கினாலே நல்ல காசு. (நம்ம பாஸ் மார்க்!)

காயம் வேறு, தேய்மானம் வேறு. நம் மாவட்டத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தில் உளி வெட்டு இருக்கிறது.

அடுத்தது, தேய்த்துக் கழுவிய காசு. வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் கழுவாத புதுக் காசில் மினுமினுப்பு சுற்றி வரும். தேய்த்ததில் மெல்லிய கீறல்கள்தான் தெரியும். கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின் மேல் படியும் படலம். சேகரிப்பவர்கள் அதை வெறுப்பதில்லை.

இப்போது எங்க ஐந்து. ராணி ஒன்றில் வளையம் பற்றவைத்திருந்தது, மாலையில் கோத்தது. ஒன்றில் முகமே மொழுக்கை. மூன்றாவது பளிச்சென்று இருந்தது. வருஷா வருஷம் விபூதி போட்டுத் தேய்த்ததாம், ஒரே கீறல். ராஜா ஒன்று சுமார். கறுத்துப் போனதோ 1911! கிரீடக் கற்களை எண்ணலாம். அந்த வருஷத்து யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசாங்கம் அதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912-இல் யானையைத் திருத்தினார்கள்.

அப்பாயியிடம் காட்டினேன். லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பன்னியேதான்!" என்று சிரிச்சுச்சு. மொழுக்கையும் விபூதிக் காசும் எடைக்குப் போயின. வளையக் காசை நான் கடைசி வரிசையில் வைத்திருந்தேன். அதை மட்டும் அப்பாயி கையை விட்டு இறக்கவே இல்லை. அது அவங்க அம்மா கழுத்தில் கிடந்ததாம்.

ஓடு மாற்றியாச்சு. 1911-ஐத் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். பொங்கலுக்கு வெள்ளிச் சாமான் எல்லாம் விளக்குவாங்க, அதான் கொஞ்சம் பயமா இருக்கு.