புழுக்கம்

திருப்பதியில் சித்திரை பிறந்துவிட்டால் பிற்பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அன்று. மலைப்பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், குளிரூட்டி இல்லாத மேல்மாடி விடுதியறை ஒன்றில், பத்து லிட்டர் கொள்ளளவே உள்ள ஒரு பெட்டிக்குள் முழுக் கணினி ஒன்றை அடக்க முடிவு செய்தார் மொழியியல் ஆய்வாளர் ஒருவர். வழக்கமான கோபுரப் பெட்டி நாற்பது லிட்டருக்கு மேல் இடம் கொள்ளும். நண்பர்கள் சிரித்ததில் நியாயம் உண்டு.

ஆனால் அவருக்கு வேறு வழி அதிகம் இல்லை. அவருடைய ஆய்வு நகரி வட்டாரத் தமிழைப் பற்றியது. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்து உருவாக்கப்பட்டது சித்தூர் மாவட்டம். 1960இல் எல்லை மாற்றியபோது திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. சில கல் தொலைவிலிருந்த நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அங்கே விசைத்தறிக் கூடங்களில் ஆயுளைக் கழித்த முதியவர்கள் பேசும் தமிழ் இன்னும் எழுத்தில் ஏறவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தெலுங்கு வழியில் படிக்கிறார்கள். அறுபது மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவு அவரிடம் சேர்ந்திருந்தது. பதிவு செய்யும்போது ஒவ்வொரு வீட்டிலும் அவர் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: இந்தக் குரல் இணையத்தில் ஏறாது. ஒப்புதல் படிவத்திலும் அதுவே எழுதப்பட்டிருந்தது. ஆகவே, ஒலியை எழுத்தாக்கும் வேலையை எங்கோ இருக்கும் நிறுவனக் கணினிகளிடம் ஒப்படைக்க இயலாது. சொந்தப் பொறியில், சொந்த அறையில் செய்ய வேண்டும். வார இறுதியில் சித்தூர் வீட்டுக்குப் போகும்போது எழுபது கிலோமீட்டர் பேருந்தில் மடியில் வைத்துத் தூக்கிச் செல்லவும் வேண்டும். மடிக்கணினி போதாதா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை: அரை மணி நேரம் ஓடும், பிறகு சூட்டில் தவழும்.

உறுப்புகளைத் தேர்ந்தது நினைவகக் கணக்கு. விஸ்பர் என்னும் ஒலியெழுத்து மாதிரியின் பெரிய வடிவம் ஓட, கிராஃபிக்ஸ் கார்டில் ஏறத்தாழ 10 ஜிபி நினைவகம் வேண்டும். மலிவான 8 ஜிபி அட்டைகள் அங்கேயே கழிந்தன. 16 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ அட்டையின் மின்தேவை 165 வாட். அதற்கு இணையாக 65 வாட் வகுப்பைச் சேர்ந்த ரைசன் 5 7600 பிராசசர்; 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் தாய்ப்பலகை; சிறு வடிவ எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுதும் அலைந்து வாங்கியவை. பெட்டியில் இடம் இல்லாததால் பிராசசருக்கு 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள தட்டையான குளிர்விப்பான்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அவரும் ஏமாந்தார். சிறு கணினிகளைச் சோதித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில் அமர்ந்து சோதிக்கிறார்கள். அங்கே 75 என்று வரும் அளவு, 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 93 ஆகிவிடும். காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. அதற்கு மேல் எத்தனை டிகிரி என்பதை மட்டுமே விசிறி தீர்மானிக்கிறது. ரைசன் 7000 வரிசையின் உச்சவரம்பு 95. திருப்பதியின் மே மாதம் அந்த இடைவெளியில் கணிசமான பங்கைத் தொடக்கத்திலேயே தின்றுவிடுகிறது. கணக்கு எளிது. 250 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 30 கன அடி காற்று சுமந்து சென்றால், அந்தக் காற்று ஏறத்தாழ 15 டிகிரி சூடாகும். 40இல் நுழைந்தது 55இல் வெளியேறும். அந்த 55 டிகிரிக் காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டால், அடுத்த சுற்றில் தொடக்கமே 55தான்.

கட்டி முடித்த மூன்றாம் வாரம், பிற்பகல் இரண்டு மணிக்கு அது நின்றது. எச்சரிக்கை இல்லை, வேகம் குறையவில்லை. விளக்கு அணைவது போல் அணைந்தது. அப்போது அவர், நகரியில் ஒரு மூதாட்டி நாற்பது நிமிடம் சொன்ன தறிக்கூடக் கதையில் பின்னணி இரைச்சலை நீக்கி, மூலக் கோப்பின் மேலேயே சேமித்துக்கொண்டிருந்தார். கோப்பு மீளவில்லை. பதிவுக் கருவியின் அட்டையை முந்தைய வாரமே அடுத்த பயணத்துக்காக அழித்திருந்தார். இரண்டாம் படி எடுக்காமல் மூலத்தில் கைவைப்பது கூடாது என்பதைக் களப்பணி வகுப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

முதலில் பிராசசரைச் சந்தேகித்தார். தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டார், பயனில்லை. பதிவேட்டில் பிராசசர் 88ஐத் தாண்டவில்லை என்றிருந்தது. சிந்தித்தபோது விடை கிடைத்தது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சூடானால் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நிற்பது கடைசியில்தான். தயக்கமின்றித் துண்டிக்கும் இயல்பு பவர் சப்ளையுடையது. அதன் விசிறி, துளையில்லாத பக்கத் தகட்டை நோக்கி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கிடைத்த கொஞ்சக் காற்றும் கிராஃபிக்ஸ் கார்டு கழித்துவிட்ட சூடான காற்று.

மூதாட்டியிடம் மீண்டும் போகவேண்டியிருந்தது. புத்தூர் வழியாகப் பேருந்து ஏறி நகரியில் இறங்கி, பதிவு தொலைந்ததைச் சொன்னார். ஆயா கோபிக்கவில்லை, எப்படித் தொலைந்தது என்று கேட்டார். பெட்டி, விசிறி, மூடிய தகடு என்று அவர் விளக்கியதைக் கேட்டுவிட்டு, “காத்து போவ வழியில்லாம மூடி வெச்சா புழுங்காம என்ன நைனா பண்ணும்?” என்றார். தறிக்கூடத்தில் அவருக்கு வெக்கை வேறு, புழுக்கம் வேறு. கூரைத் தகட்டிலிருந்து இறங்குவது வெக்கை, அதைத் தாங்கலாம். காற்று அசையாமல் நிற்பது புழுக்கம். அதில் நூலும் ஆளும் சேர்ந்து அறும். பெட்டிக்குள் நடந்தது இரண்டாவது.

கதையை ஆயா மறுபடி சொன்னார். ஆனால் அது அதே கதை அன்று. முதன்முறை தனியே இருந்தார். இம்முறை பள்ளி விடுமுறையில் இருந்த பேரன் அருகில் அமர்ந்திருந்தான். அவனுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, முன்பு தமிழில் வந்த இடங்களில் இம்முறை தெலுங்கு வந்தது. புழுக்கத்தையே ஓரிடத்தில் ‘உக்கபோத்த’ என்றார். கேட்பவர் மாறினால் மொழி மாறும் என்பது ஆய்வாளர் அறியாததன்று. இரண்டு பதிவுகளும் கையில் இருந்திருந்தால் ஒப்பிட்டு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கலாம். ஒன்றுதான் இருந்தது.

சித்தூர் திரும்பியதும், தகட்டைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று பவர் சப்ளை விசிறிக்கு நேரே துளைகள் போட்டார். பட்டறைக்காரர் அது எதற்கு என்று கேட்கவில்லை. கூலியாக ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். துளைகளுக்கு உட்புறம் நைலான் கொசுவலை ஒட்டினார்; தூசி தங்கும், காற்றும் சிறிது குறையும், வாரம் ஒருமுறை தட்டவேண்டும். பிராசசர் விசிறிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலிருந்த வெளியை நுரைப்பஞ்சு வளையத்தால் அடைத்தார். விசிறி இனி வெளிக்காற்றையே குடிக்கும். பெட்டிக்குள் சுழலும் பழைய காற்றைக் குடிக்காது. செலவே இல்லாத இந்த வளையம்தான் பிராசசரைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் அதிகப் பயன் தந்தது என்பது அவர் கருத்து. மேலிருந்த இரு சிறு விசிறிகளும் வெளித்தள்ளும் திசையில் நின்றன.

கடைசியாக, கிராஃபிக்ஸ் கார்டின் மின்வரம்பை 165இலிருந்து 125 வாட்டாகக் குறைத்தார். வேகத்தின் கடைசிச் சில படிகளுக்குத்தான் மின்னழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மின்செலவோ அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. எனவே கால்பங்கு மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால் கால்பங்கு வேகம் போய்விடுவதில்லை. ஒரு மணி நேர ஒலிக்கு எட்டு நிமிடம் எடுத்த வேலை ஒன்பதாயிற்று. விலை கொடுத்து வாங்கிய வேகத்தைத் தானே குறைப்பது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. நாற்பது நிமிடப் பதிவை நினைத்துக்கொண்டபோது அந்த உறுத்தல் போயிற்று.

இப்போது பிற்பகலில் அது ஓடுவதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தானே தொடங்கி விடியுமுன் நிற்கும்படி நேரம் குறித்திருக்கிறார். சித்தூர் திருப்பதியைவிட மேட்டுநிலம்; அங்கே அந்த நேரத்தில் சன்னலோரத்தில் வைத்தால் விசிறிச் சத்தம்கூடக் கேட்பதில்லை. மூலக் கோப்புகள் இரண்டு தனி வட்டுகளில், ஒன்று சித்தூர் பீரோவிலும் ஒன்று திருப்பதி விடுதியிலுமாக இருக்கின்றன.

ஆயாவின் இரண்டாம் பதிவு சென்ற வாரம் எழுத்தாகி வந்தது. பொறி எழுதிய வரியில் “காற்று போக வழியில்லாமல் மூடி வைத்தால் புழக்கம்” என்றிருந்தது. ‘போவ’ என்பதையும் ‘வெச்சா’ என்பதையும் அது எழுத்துத் தமிழாகத் திருத்திவிட்டது, நைனாவை விட்டுவிட்டது, உக்கபோத்த இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆய்வாளர் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, அந்த வரியை முதலிலிருந்து கையால் எழுதத் தொடங்கினார்.