ஹூக்ளியின் குறுக்கே வித்யாசாகர் சேது

நல்லேப்பிள்ளியிலிருந்து கொல்கத்தாவுக்கு முதன்முறையாக வரும் நம்மூர்ப் பெரியவர்களை ஹௌரா இரயில் நிலையத்தில் எதிர்கொள்ளும் அன்பர்கள், பழைய ஹௌராப் பாலத்தின் வழியே வீட்டுக்கு அழைத்துச் செல்வதே வழக்கம். ஒருமுறையேனும் சற்றுத் தெற்கே சுற்றி, வித்யாசாகர் சேதுவின் மீது அழைத்துச் செல்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

நம்மூர்ச் சித்தூர்ப்புழையை, சோகநாசினி என்று பெயர் பூண்ட அவ்வாற்றை, கோடையில் கடப்பது பெரிய காரியமன்று. வேண்டுமிடத்தில் தூண் நாட்டிப் பாலம் போடலாம். ஹூக்ளியோ கப்பல் செல்லும் ஆறு. நடுவே தூண்களை நிறுத்தி வழியை அடைக்க இயலாது. ஆதலால் இரு கரைகளையும் ஒட்டி இரண்டு கோபுரங்களை எழுப்பி, அவற்றின் உச்சியிலிருந்து விசிறிபோல் கம்பிவடங்களை இறக்கிப் பாதையைத் தாங்கச் செய்தனர். நம்மவர் இதைத் தொங்குபாலம் என்பர். அது பொருந்தாது. தொங்குபாலத்தில் கரைக்குக் கரை வளைந்தோடும் பெருவடம் உண்டு. பாதை அதிலிருந்து தொங்கும். இங்கே ஒவ்வொரு வடமும் கோபுரத்திலிருந்து நேரே வந்து பாதையைப் பற்றியிருக்கிறது.

1943இல் திறக்கப்பெற்ற ஹௌராப் பாலத்தின் நடுக்கண்ணும், இதன் நடுக்கண்ணும் ஏறக்குறைய ஒரே நீளம், 457 மீட்டர். முன்னது 26,500 டன் எஃகைக் கோத்து நிற்கும் பெரும் சட்டகம். பின்னதைக் காணும்போது, இவ்வளவு மெல்லியது இவ்வளவு பாரம் தாங்குமா என்று மனம் ஐயுறும்.

ஆயினும் இரண்டையும் இணைக்கும் ஒன்றுண்டு: ரிவெட் ஆணி. புதிய பாலத்தின் வடிவமைப்பில் முதன்மையாய் நின்ற ஜெர்மானியப் பொறியாளர் யோர்க் ஷ்லைக், மேனாட்டு வழக்கப்படி எஃகைப் பற்றவைக்காமல், நம் நாட்டு எஃகுக்கும் தொழிலாளரின் கைப்பழக்கத்துக்கும் ஏற்ப ரிவெட் அடித்தே இணைக்கச் செய்தார். அவருடைய கல்வியைவிட இந்த அடக்கமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வேலை மட்டும் மெல்ல நடந்தது. 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்; பணி தொடங்கியது 1979இல்; வண்டிகள் ஓடியது 1992 அக்டோபரில். அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அதற்குள் இருபது வயது! அத்தனைக் காலமும் நகர மக்கள் ஹௌராப் பாலத்தின் நெரிசலிலேயே கிடந்தனர். 2023இல் கம்பிவடங்களைப் பழுதுபார்க்கப் போக்குவரத்தைக் குறைத்தபோது, இப்பாலம் எவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது என்பது விளங்கிற்று.

பொழுதிருந்தால் கிழக்குக் கரையில் இறங்கிப் பிரின்செப் படித்துறைக்கும் செல்க. அசோகரின் பிராமி எழுத்தை 1837இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுந்தது அது. நம் தமிழ்க் குகைக் கல்வெட்டுகளைப் பின்னாளில் படிக்கவும் அவ்வுழைப்பே வழிதிறந்தது. அந்த வெண்தூண்களின் அருகே நின்று அண்ணாந்து பார்த்தால், வடங்கள் முழுவதும் தெரியும்.