நாற்பது வளைவுகள்

ஆழியாறு அணையைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் எண் பொறித்த பலகை நிற்கும். 2016-ஆம் ஆண்டு மலைப்பங்கு ஒன்றின் பொறுப்பேற்றுச் சென்றபோது நாம் அவற்றை வெறும் எண்களாகவே கருதினோம். முன்னிருந்த பங்குத்தந்தை விட்டுச்சென்ற பழைய புல்லட் ஒன்று இல்லத்தில் நின்றது. கியர் வலக்காலுக்கு, பின்பிரேக் இடக்காலுக்கு என்ற அந்நாளைய அமைப்பு. சமவெளியில் இருபது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருந்தோம். ஓட்டத் தெரியும் என்றே நம்பினோம்.

அவ்வாண்டு ஐப்பசியில் அந்த நம்பிக்கை போயிற்று. தூறல் நின்ற மாலை. பின்னிருக்கையில் நம் உபதேசியார், அறுபதைக் கடந்தவர். மலையிறங்கும் வழியில் வலப்புற வளைவு ஒன்று, நாம் எண்ணியதைவிட இறுகி வந்தது. பள்ளத்தை ஒட்டிய தடுப்புச்சுவர் கண்ணில் பட்டது. பட்ட கண்ணை மீட்க இயலவில்லை. உடல் தானாக நிமிர்ந்தது. வலக்கை முன்பிரேக்கை இறுகப் பற்றியது. முன்சக்கரம் வழுக்க, இருவரும் சாலையில் கிடந்தோம். நமக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் கை அது.

"ரோடு வழுக்கிருச்சு சாமி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார், பொள்ளாச்சியில் கட்டுப் போட்டுத் திரும்பும்போது. குற்றம் சாலையினுடையதன்று என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். பழித்திருந்தால் தாங்கியிருப்போம்.

மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த இளைஞர் ஒருவரிடம், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கற்றுத்தரக் கேட்டோம். பள்ளி மைதானத்தில் காலிப் பெயின்ட் டப்பாக்களை வட்டமாக வைத்தார். "சாமி, செவுத்தப் பாத்தா செவுத்துக்குத்தான் போவீங்க. வளைவு எங்க முடியுதோ அங்க பாருங்க" என்பது முதற்பாடம். இரண்டாவது நம்மை நகைக்கச் செய்தது. வலப்புறம் திரும்ப வேண்டுமானால் வலக்கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டுமாம்! தள்ளினால் சக்கரம் இடப்புறமன்றோ திரும்பும்?

திரும்பத்தான் செய்கிறது, கண நேரத்துக்கு. அதனால் சக்கரங்கள் வண்டியின் அடியிலிருந்து இடப்புறம் விலகுகின்றன. வண்டி வலப்புறம் சாய்கிறது. பின்னர் முன்சக்கரமும் வலப்புறம் திரும்பிச் சாய்வைத் தாங்குகிறது. சைக்கிள் ஓட்டும் சிறுவனும் அறியாமலே இதைச் செய்கிறான். சைக்கிள் வணிகராயிருந்து வானூர்தி கண்ட வில்பர் ரைட், தாம் இடப்புறம் திரும்புவது எப்படி என்று ஓட்டுநர் பலரைக் கேட்டும், முதற்கேள்வியிலேயே முழுதும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இலர் என்று பதிந்திருக்கிறார். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம்.

சாய்வுக்கு ஒரு கணக்குண்டு. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 30 கிலோமீட்டரில் கடக்க ஏறத்தாழ 20 பாகை சாய வேண்டும். 40 கிலோமீட்டரில் 32 பாகை. சிறிது வேகம் கூடினாலும் சாய்வு வெகுவாகக் கூடுகிறது. சாய மறுத்து நிமிர்ந்தால் வளைவு விரிந்து பள்ளத்தின் பக்கம் போகும். வியப்பென்னவென்றால், இக்கணக்கில் எடைக்கு இடமே இல்லை. நம்மைப் போன்ற பருத்த உடலினரும் ஒல்லியரும் சாய வேண்டியது ஒரே அளவே.

கணக்கு எளிது, உடல் இணங்குவது அரிது. சாய்ந்தால் விழுவோம் என்று எலும்புகளுக்குள் ஏதோ ஒன்று அலறுகிறது. டயருக்குச் சாலைமீது உள்ள பிடிமானம் ஓரளவே. அதைச் சாய்வுக்கும் பிரேக்குக்கும் பகிர்ந்தாக வேண்டும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, குறைத்துவிட வேண்டும். உள்ளே நுழைந்தபின் திராட்டிலைச் சற்றே திறந்து சீராக வைத்துக்கொள்ள வேண்டும். அச்சத்தில் கை செய்ய விழைவதோ நேர்மாறானது. மாலைதோறும் டப்பாக்களைச் சுற்றினோம். பள்ளிப் பிள்ளைகள் வேலியோரம் நின்று, "சாமி, இன்னும் சாயுங்க!" என்று கூவினர். சில டப்பாக்கள் நசுங்கின.

தை மாதம் உபதேசியார் ஒருநாள் காலை வந்து நின்றார். கட்டு அவிழ்த்தாயிற்று. "பொள்ளாச்சி போகணும், பஸ்ஸு போயிருச்சு. கெளம்பலாமா சாமி?" என்றார். அடுத்த பேருந்து ஒரு மணி நேரத்தில் உண்டு, அவருக்கும் தெரியும்.

பின்னிருப்பவர் எதிர்ப்புறம் நிமிர்ந்தால் ஓட்டுபவர் இன்னும் சாய வேண்டியிருக்கும் என்று விளக்கினோம். தலையசைத்து ஏறிக்கொண்டார். நாம் விழுந்த வளைவு வந்தது. முன்னரே வேகம் தணித்தோம். கண்ணைச் சுவரிலிருந்து விலக்கி வளைவின் முடிவில் வைத்தோம். வலக்கையை மெல்லத் தள்ளினோம். முதுகுக்குப் பின்னிருந்த பாரம் எதிர்க்கவில்லை; நம்மோடு சாய்ந்து நம்மோடு நிமிர்ந்தது.

ஒன்பதாம் வளைவில், ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதும் தெரியும் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தினோம். சற்றுத் தொலைவில் வரையாடுகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. உபதேசியார் அவற்றைப் பார்க்கவில்லை. சுவரின்மேல் வலக்கையை வைத்து, ஆர்மோனியக் கட்டைகளை அழுத்துவதுபோல் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.