அதிதி நூடுல்ஸ்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் எழுபது கிலோமீட்டர்தான். இரணியல், குழித்துறை தாண்டிப் பாறசாலை வந்ததும் பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிடும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இடையில் இந்த மாநில எல்லைக் கோடு கிடையாது. என் தாத்தாவுக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரம். வழக்கு என்றாலும் வைத்தியம் என்றாலும் அங்கேதான் வண்டி கட்டுவார். எனக்கு அது காரியவட்டம் பல்கலைக்கழக வளாகமும் 1994 முதல் இரண்டு வருடம் தின்ற ஹாஸ்டல் சோறும்.

இந்த முறை போனது கனடாக்காரனைப் பார்க்க. எங்கள் ஊர்க்காரன்தான், இருபது வருடமாக டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த தமிழன் ஒருவன், ஆற்றிங்ஙல் மலையாளி ஒருவன், நான், இவன். அன்று ஒரே வராந்தாவில் குடியிருந்த நால்வரும் தம்பானூர் காபி ஹவுஸில் கூடினோம். லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் சுருளுக்குள் தரையே சரிவாக ஏறிக்கொண்டு போகும். மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்ந்தே பிறந்தவை. முப்பது வருடத்துக்கு முன்பு மூச்சு விடாமல் உச்சிக்கு ஏறியவர்கள், இப்போது முதல் வளைவிலேயே இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டோம். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பீட்ரூட் கட்லெட் வந்தது.

மதியம் எங்கே சாப்பிடுவது என்பதில்தான் சண்டை. ஆற்றிங்ஙல்காரன், "மீன்கறி கூட்டி ஊணு கழிக்காமெடா" என்றான். நானும் அந்தக் கட்சிதான். கனடாக்காரன் மட்டும், "மக்கா, ஹக்காவுக்குப் போவோம்" என்றான்.

"ஹக்கா நூடுல்ஸா? வீட்டுல பிள்ளையளுக்கு அத விட்டா வேற ஒண்ணும் எறங்காது. இங்க வந்தும் நான் அதத் திங்கணுமாக்கும்?" என்றான் சாலைக்காரன்.

நமக்கு ஹக்கா என்றால் மெனுவில் நூடுல்ஸுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல். கனடாக்காரனுக்கு அது ஒரு வகைக் கடை. டொராண்டோ பக்கம் 'ஹக்கா' என்று பலகை மாட்டியிருந்தால் உள்ளே இந்தியச் சீனச் சாப்பாடு என்று பொருள்: சில்லி சிக்கன், மஞ்சூரியன், மாஞ்சோவ் சூப், கூடவே பக்கோடா. கடைக்காரர் முகம் சீன முகமாக இருக்கும். பேச்சு இந்தியும் வங்காளமுமாக இருக்கும். போய் இறங்கிய முதல் குளிர்காலத்தில் அப்படி ஒரு கடைக்குள் ஒதுங்கியவன், பச்சை மிளகாயும் சோயாவும் இரும்பில் பட்டுக் கருகும் வாசனையில் அப்படியே நின்றுவிட்டானாம். "பாளையம் வாசன மக்கா!" அன்று ஸ்காலர்ஷிப் வந்த நாளில் நாங்கள் பாளையத்தில் மாடிப்படி ஏறித் தின்ற சில்லி சிக்கனின் வாசனை. பனியில் நின்றுகொண்டு ஊரை நினைக்க வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று கேட்டோம். புட்டுக்கும் மீன்கறிக்கும் அங்கே கடை இருக்கிறது, ஆனால் அந்த மாடிப்படி வாசனை வேறெதிலும் இல்லை என்றான்.

அந்தக் கடைக்காரர்கள் கனடாவுக்குப் போனது கல்கத்தாவிலிருந்து. ஹக்கா என்றால் அவர்கள் மொழியில் 'விருந்தாளிக் குடும்பம்'. வட சீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே நகர்ந்து வந்த கூட்டத்துக்கு, வந்த இடத்துக்காரர்கள் வைத்த பெயர். ஆயிரம் வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். கல்கத்தா ஹக்காக்களில் பெரும்பாலோர் குவாங்டோங் மாகாணத்து மெய்சியன் பக்கத்தவர்கள். கல்கத்தாவில் கான்டனியச் சீனர்கள் தச்சு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஹூபெய்க்காரர்கள் பல் கட்டினார்கள். மற்றவர்கள் தீட்டு என்று தள்ளிய தோல் பதனிடுவதை ஹக்காக்கள் எடுத்துக்கொண்டார்கள். நகரின் கிழக்கோரத்து டாங்ரா அப்படித்தான் அவர்களுடைய ஊராயிற்று.

பிறகு 1962. எல்லையில் போர் மூண்டதும் ஏறத்தாழ மூவாயிரம் இந்தியச் சீனர்களை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பலர் வருடக்கணக்கில் கிடந்து திரும்பியபோது, வீடும் கடையும் கைமாறிப் போயிருந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே போக வேண்டும் என்றது. பிள்ளைகள் ஏற்கெனவே டொராண்டோவுக்குக் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். மிஞ்சியவர்களில் பலருக்குச் சமையல்தான் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் டாங்ராவில் ஒரு காளி கோயில் பார்த்தேன். சீனக் காளி கோயில் என்றே பெயர். அம்மனுக்கு நூடுல்ஸ் படைக்கிறார்கள். நம் ஊர் இசக்கியம்மனும் இந்தப் பக்கம் சீனாக்காரர்கள் வந்து குடியேறியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் தின்னும் ஹக்கா நூடுல்ஸ் மெய்சியனில் யாருக்கும் தெரியாது. அசல் ஹக்கா சமையல் என்பது உப்புக்குள் புதைத்து வேகவைத்த கோழி, இறைச்சி அடைத்த தோஃபு, காயவைத்த கடுகுக்கீரையோடு வெந்த பன்றி. மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் அந்த உறவுகூடக் கிடையாது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் தாளிதத்தைத் தொடங்கி, நடுவில் சோயாவை ஊற்றிக் கண்டுபிடித்தார் என்பார்கள்.

சண்டையில் கனடாக்காரன் ஜெயித்தான், டாலர் கட்சி என்பதால். ஆட்டோ எம்.ஜி. ரோடில் ஸ்டேச்சு தாண்டியது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் அந்தச் சிலை திவான் மாதவ ராவ், கும்பகோணத்துக்காரர். இந்த ஊரின் நடு முச்சந்திக்கே வெளியூர்க்காரரின் சிலைதான் அடையாளம். பாளையத்தில் அந்தப் பழைய மாடிப்படியைத் தேடினோம். அங்கே இப்போது செல்போன் கடை. பக்கத்துச் சந்தில் இன்னொரு மாடிப்படி இருந்தது.

"சேட்டா, நூடில்ஸ் வெஜ்ஜோ சிக்கனோ?" என்று கேட்ட பையன் அஸ்ஸாம். மலையாளம் அவன் வாயில் என்னுடையதைவிட நன்றாக ஓடியது. உள்ளே சட்டி பிடிப்பவர் காலிம்போங். கூட்டம் குறைந்த பிறகு ஆற்றிங்ஙல்காரன் தன் இந்தியை வைத்து அவரை வெளியே இழுத்தான். சிலிகுரி, பெங்களூர், பிறகு இங்கே. தொழில் சொல்லிக்கொடுத்த குரு கல்கத்தாவில் ஒரு சீனர் கடையில் பாத்திரம் கழுவியவர். எட்டிப் பார்த்தேன்: காலையிலேயே வேகவைத்து எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்பிய நூடுல்ஸ், முடிபோல் நறுக்கிய கோஸும் கேரட்டும், இரைச்சலோடு எரியும் அடுப்பு. சட்டி சூடேறிப் புகைந்த பிறகுதான் காய் விழ வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, தண்ணீர் விட்டுக்கொண்டால் அது நூடுல்ஸ் இல்லை, கூட்டு என்று கையாலேயே விளக்கினார். கேரளாவில் அவருக்கு ஒரே வருத்தம்: எல்லாரும் கிரேவி கேட்கிறார்கள், பொரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ள.

இப்படி வந்தவர்களைக் கேரள அரசு சில ஆண்டுகளாக 'அதிதி தொழிலாளி' என்று குறிக்கிறது. இனிமையான சொல். காலிம்போங்காரர் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே உச்சரித்துவிட்டு, எட்டுப் பேர் படுக்கும் தன் அறையின் வாடகையைச் சொன்னார். அதிதி என்றாலும் ஹக்கா என்றாலும் ஒன்றுதானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். கனடாக்காரன் சில்லி சிக்கனின் கடைசித் துண்டை வாயில் போட்டபடி, "நானும் அதுதான மக்கா" என்றான். கடைசித் துண்டை 1995இலும் இவன்தான் எடுத்தான் என்று சாலைக்காரன் சண்டையைத் தொடங்க, பேச்சு அப்படியே ஹாஸ்டல் மெஸ், வார்டன், வாங்கித் திருப்பாத நாற்பது ரூபாய் என்று மூன்றரை மணி வரை போயிற்று. வாசனை அதேதானா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்து, "ஸ்கார்பரோ வாசனையா இருக்கு" என்றான்.

மீந்த நூடுல்ஸைப் பொட்டலமாக்கி என் கையில் கொடுத்தார்கள். ராத்திரி வீட்டில் அம்மா பிரித்துப் பார்த்தாள். சீனச்சட்டியை அடுப்பில் வைத்தாள். எந்தச் சீனனும் நினைவுக்கு வராமலே எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அந்தச் சட்டிக்கு அதுதான் பெயர், மலையாளத்திலும் சீனச்சட்டிதான்.

"தேங்காண்ண ஊத்தலாமாடே இதுக்கு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடுகு வெடித்தது, கறிவேப்பிலை விழுந்தது.